பதினொரு மாடுகள் மேம்பாலம் ஏறின

நகராட்சி ஊழியர் காகிதத்தை நீட்டியபோது கார்குழலியின் இரண்டு கைகளும் புண்ணாக்குத் தண்ணீருக்குள் இருந்தன.

"அப்பிடி செவுத்து மேல வெச்சிட்டுப் போங்க" என்றாள்.

"வெச்சிட்டுப் போவ முடியாதும்மா. கையெழுத்து வாங்கணும். முப்பது நாள் டைம் குடுத்திருக்கு, படிச்சிப் பாத்துக்க."

நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கினாள். குடியிருப்புப் பகுதியில் மாடுகள் வளர்ப்பதால் துர்நாற்றமும் கொசுத் தொல்லையும் சாக்கடை அடைப்பும் ஏற்பட்டுள்ளதாகப் பொதுமக்கள் மனு கொடுத்திருக்கிறார்கள், முப்பது நாட்களுக்குள் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று முதல் தாள் சொன்னது. இரண்டாவது தாள் அந்த மனுவின் நகல். இருபத்திரண்டு கையெழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கதவு எண்.

பெயர்களைவிடக் கதவு எண்கள்தான் குழலிக்குப் பழக்கம். பதினேழு, அரை லிட்டர். இருபத்தொன்று, ஒரு லிட்டர், வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்றரை. விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தாள். இருபத்திரண்டில் ஒன்பது வீடுகள் அவளிடம் பால் வாங்கும் வீடுகள். கடைசியில் முப்பத்திநாலு. சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரின் வீடு என்பதால் தெருவில் அதற்கு அப்படிப் பெயர். அங்கே பால் ஊற்ற ஆரம்பித்தபோது குழலி நாலாவது படித்துக்கொண்டிருந்தாள்.

மூலக்குளத்தில் அந்த மாட்டுக் கொட்டாயைப் போட்டவர் அவளுடைய அப்பா பலராமன். அப்போது சுற்றிலும் கரும்பும் வேர்க்கடலையும்தான். குழலியும் அண்ணன் சிலம்பரசனும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு பக்கம் பால் ஊற்றிவிட்டு வருவார்கள். ஒன்பது வயதில் அவள் தனியாக ஒரு மாட்டைக் கறப்பாள். ஏழாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சாணி நாற்றம் அடிக்கிறது என்று டீச்சரிடம் சொல்லி வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். அன்றிலிருந்து குழலி காலையில் இரண்டு முறை குளித்தாள். வளர்ந்த பிறகு இந்த வேலைக்கு வரவே கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

அந்த முடிவுப்படியே நடந்தாள். லாஸ்பேட்டையில் பி.காம். படித்தாள், இருசக்கர வாகன ஷோரூம் ஒன்றில் ஆறு வருஷம் பில் போட்டாள். சரக்கு வண்டி ஓட்டும் வெற்றிவேலைக் கட்டிக்கொண்டு நெல்லித்தோப்பில் வாடகை வீட்டில் இருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் தவிட்டு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அம்மா சந்திரகலாவால் பதினொரு மாடுகளைத் தனியாகப் பார்க்க முடியாது. குழலி பதினைந்து நாள் லீவு போட்டு வந்தாள். பதினாறாம் நாள் ஷோரூமுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று வெற்றிவேல் கேட்டான். அங்கே நாள் முழுக்க உட்கார்ந்தால் முதுகுதான் வலிக்கிறது, இங்கே வேலை செய்தால் செய்தது கண்ணுக்குத் தெரிகிறது என்றாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்க வண்டி நிறுத்த எடம் இருக்கு" என்றான். இருவரும் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

நோட்டீஸைப் படித்துக் காட்டியதும் அம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"நாம மாடு கட்டனப்ப இந்தத் தெருவே கெடையாது. பூச்சி பொட்டுக்குப் பயந்துகிட்டு இவங்க வீடு கட்டனப்ப உங்கப்பாதான் ராவெல்லாம் காவல் இருந்தாரு. நாளையிலேர்ந்து அந்த ஒம்பது வூட்டுக்கும் பால் கெடையாதுன்னுடு."

சிலம்பரசன் ஓசூரிலிருந்து போனில் பேசினான். "நல்லதாப் போச்சி. வித்துடு குழலி. இதான் சாக்கு."

"யாருக்கு விக்கிறது? கறவை வத்தனதெல்லாம் எங்க போவும்னு உனக்குத் தெரியாதா?"

"உனக்குன்னு ஒரு வேலை இருந்திச்சி."

"இப்பவும் இருக்கு" என்று சொல்லி வைத்தாள்.

மறுநாள் காலை ஒன்பது வீடுகளுக்கும் வழக்கம்போலவே பால் ஊற்றினாள். பதினேழாம் எண்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தை நீட்டினார். இருபத்தொன்றில் எப்போதும் வரும் அம்மாவுக்குப் பதில் மருமகள் வந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. குழலிக்குக் கோபத்தைவிட அது ஒரு மாதிரி அசிங்கமாக இருந்தது, தான் ஏதோ திருடிவிட்டு வந்து நிற்பது போல. மூன்றாம் நாள் சொல்தா வீட்டில் நிர்மலாதேவி அம்மாளின் தூக்குவாளியில் பாலை ஊற்றிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கையெழுத்தப் பத்திதான. மொத நாளே கேப்பேன்னு பாத்தேன்."

"பால் எதாவது கொறையா இருக்குதுங்களா?"

"பாலுக்கு இன்னா கொற. செருப்ப உட்டுட்டு உள்ள வா."

சின்ன வயதிலேயே பால் ஊற்ற ஆரம்பித்தும் குழலி அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. கூடத்தைக் கடந்து பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனார் நிர்மலாதேவி. கட்டிலில் கொசுவலைக்குள் அவருடைய கணவர் விஜயராகவன் படுத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. காலை எட்டு மணிக்கும் வலை தொங்கியது. ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி சுற்றியும் அறை புழுங்கியது.

நிர்மலாதேவி ஜன்னலைத் திறந்தார்.

சாணி நாற்றம் குழலிக்கு நாற்றமே அல்ல. ஆனால் இது வேறு. மாதக்கணக்கில் தேங்கி அழுகியது. எட்டிப் பார்த்தாள். வீட்டின் பின்சுவரை ஒட்டிய சாக்கடையில் மூடிக் கற்கள் உடைந்து கிடந்தன. கறுப்பும் பச்சையுமாக அசையாமல் நின்ற தண்ணீரின் மேல் கொசுப் புழுக்கள் நெளிந்தன. அந்தச் சாக்கடை எங்கிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பிப் பார்த்தாள். நாலு வீடு தள்ளி, அவர்கள் கொட்டாயின் பின்சுவர் ஓட்டை தெரிந்தது. உள்ளே இருந்து பார்த்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வெளியே போய்விடும். அதோடு சரி. வெளியே அது எங்கே போகிறது என்று அவள் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

"யாரு தேவி?" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"பால்காரப் பொண்ணு."

"பலராமன் மகளா? காபி குடுத்து அனுப்பு."

நிர்மலாதேவி ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்து தாழ்ந்த குரலில் பேசினார். "இவருக்கு மனுவப் பத்தித் தெரியாது. தெரிஞ்சா போட உட்டிருக்க மாட்டாரு. போன மழையில டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரில வெச்சிருந்தேன். உம் பாலும் எனக்கு வேணும், அந்த ஜன்னலும் தொறந்திருக்கணும். ரெண்டுல ஒண்ணுன்னா நான் ஜன்னலத்தான் கேப்பேன் குழலி. தப்பா நெனச்சிக்காத."

"டெங்குன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னா நீ இன்னா பண்ணியிருப்ப?"

குழலி கூடத்தில் உட்கார்ந்தாள். காபியைக் குடித்துவிட்டு வந்தாள்.

மீதி வீடுகளுக்கு ஊற்றி முடித்ததும் வீட்டுக்குள் போகாமல் பின்சுவரைச் சுற்றிக்கொண்டு சாக்கடை வழியாகவே நடந்தாள். அப்பா இருந்தவரை ஒரு கூடைச் சாணிகூட அந்த ஓட்டை வழியாகப் போனதில்லை. எல்லாம் குழியில் சேரும், வாரம் ஒருமுறை டிராக்டர் வந்து கரும்புக் கொல்லைக்கு அள்ளிப் போகும். கொல்லைகள் மனையானதும் டிராக்டர் நின்றது. குழி நிறைந்தது. குழலிக்குக் காலையில் நேரம் இருக்காது. ஓஸைப் பிடித்து, வேகமாகத் தண்ணீர் அடித்து, எல்லாவற்றையும் ஓட்டைப் பக்கம் தள்ளிவிடுவாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் அம்மாவிடம் சொன்னாள்.

"தப்பு நம்ம மேலதாம்மா."

"நாம மொதல்ல வந்தவங்க."

"மொதல்ல வந்தா? அந்த வூட்டு ஜன்னலாண்ட போய் நின்னு பாரு. ஓஸ் புடிச்சித் தள்ளனது நான். டிராக்டர் வரலன்னதும் வேற வழி பாத்திருக்கணும். பாக்கல."

அம்மா சோற்றைப் பிசைந்தாள். "உங்கப்பா பேரச் சொல்லி எழுதியிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல. என் பேருதான் போட்டிருக்கு."

அந்த வாரம் குழலியும் வெற்றிவேலும் பின்பக்கச் சாக்கடையில் இறங்கினார்கள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மண்வெட்டியால் அள்ளி, சாக்கு சாக்காகக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். நாலு நாள் ஆனது. பதினேழாம் எண்காரர் மாடியில் நின்று பார்த்தார். இரண்டாம் நாள் இறங்கிவந்து இரண்டு மூடிக் கற்களைப் புரட்டிப்போட உதவினார். சாக்கடை ஓடத் தொடங்கியது. குழலி நகராட்சிக்குப் போய் அதிகாரியைப் பார்த்தாள். சுத்தம் செய்தது நல்ல காரியம் என்றார் அவர். ஆனால் இவ்வளவு நெருக்கமான தெருவில் பதினொரு மாடுகளுக்கு இடமில்லை, நாளைக்கு வேறு ஒருவர் மனு கொடுப்பார் என்றார். அவர் சொன்னது சரி என்றே அவளுக்கும் பட்டது.

அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் பக்கிரி, வில்லியனூர் தாண்டிக் கூடப்பாக்கத்தில் விவசாயம் பார்ப்பவர். கோழிப்பண்ணை வைத்து நஷ்டப்பட்டு மூடிய ஷெட் ஒன்று அவர் நிலத்தில் காலியாக இருந்தது. குழலி போய்க் கேட்டாள்.

"வாடக குடு. சாணி பூரா எனக்கு" என்றார் பக்கிரி.

"அதான் மாமா எனக்கும் வேணும்."

"தண்ணிக்கு மோட்டார் இருக்குது. நீ எப்ப வர்ற?"

வெற்றிவேல் தன் வண்டியில் இரண்டு இரண்டாக ஏற்றிப் போகலாம் என்றான். குழலி யோசித்தாள். இரண்டு மாடுகள் நிறை சினை. குலுங்கினால் ஆபத்து. மற்றவையும் வண்டி ஏறிப் பழகியவை அல்ல. எட்டு கிலோமீட்டர்தானே, ஞாயிற்றுக்கிழமை காலையில் நடத்தியே கூட்டிப்போகலாம் என்று முடிவானது.

அன்று கறவையை முடித்து, பால் ஊற்றிவிட்டு வரப் பக்கிரி மாமாவின் மகனை அனுப்பினார்கள். ஆறு மணிக்குத் தெருவில் மாடுகள் இறங்கின. முன்னால் காப்பி. அது காப்பி நிறத்து ஜெர்சிக் கலப்பு. மற்ற மாடுகள் அதன் பின்னால்தான் போகும். குழலி காப்பியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் வெற்றிவேல் நான்கு விளக்கும் மினுமினுக்க வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தான். உள்ளே வைக்கோலும் இரண்டு கன்றுகளும் இருந்தன. தெருமுனை வரை வருகிறேன் என்ற அம்மா தெருமுனையில் நிற்கவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

வில்லியனூர் சாலையில் ஞாயிற்றுக்கிழமையானாலும் பஸ்ஸும் பைக்கும் இருந்தன. அரும்பார்த்தபுரம் வரை பிரச்சினை இல்லை. ரயில்வே மேம்பாலம் ஏறும் இடத்தில் காப்பி நின்றுவிட்டது. சாலை திடீரென்று மேலே எழும்புவது அதற்குப் பிடிக்கவில்லை. குழலி இழுத்தாள். அது நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டது. பின்னால் பத்து மாடுகளும் நின்றன. வெற்றிவேலின் வண்டிக்குப் பின்னால் விழுப்புரம் பஸ் ஒன்று நின்று ஹாரன் அடித்தது. ஒரு சினை மாடு மிரண்டு தடுப்புச் சுவரில் உரசியது.

அம்மா பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, அந்த ஹாரன்லேர்ந்து கைய எடு. வவுத்துல கன்னு இருக்கு."

டிரைவர் கையை எடுத்துவிட்டார். அம்மா முன்னால் வந்து குழலியின் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள்.

"எதிர்ல நின்னு இழுத்தா எது வரும்? பக்கத்துல நட."

கயிற்றைத் தளர விட்டு, காப்பியின் கழுத்துப் பக்கமாகத் தோளோடு தோள் வைத்து நின்றாள். மாட்டைப் பார்க்காமல் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். நாலு அடிக்குப் பின் காப்பியும் நடந்தது. வரிசையாக மற்றவை ஏறின. பாலத்தின் உச்சியை எட்டியபோது கீழே ரயில் போயிற்று. மாடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, ஆனால் ஓடவில்லை. இரண்டு மாடுகள் அங்கேயே சாணி போட்டன. வெற்றிவேல் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, மண்வெட்டியால் அள்ளிச் சாக்கில் போட்டான்.

"இதுக்கும் யாராவது மனு எழுதிடப் போறாங்க" என்றான்.

அம்மா சிரித்தாள். நோட்டீஸ் வந்த பிறகு அவள் சிரித்ததைக் குழலி அன்றுதான் பார்த்தாள்.

ஒன்பதேகால் மணிக்குக் கூடப்பாக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

முதல் வாரம் மோசமாக இருந்தது. மாடுகளுக்கு இடம் பிடிக்கவில்லை. பால் கால் பங்குக்கு மேல் குறைந்தது. குழலி மூன்று மணிக்கு எழுந்து ஸ்கூட்டரில் கூடப்பாக்கம் போய், கறந்து, கேன்களோடு மூலக்குளம் திரும்ப ஏழு மணி ஆனது. ஆபீஸ் போகிறவர்கள் உள்ள இரண்டு வீடுகள் பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டன. அவர்கள் மனுவில் கையெழுத்துப் போடாதவர்கள். அண்ணன் சொன்னபடி செய்திருக்கலாமோ என்று ஒரு நாள் திரும்பி வரும் வழியில் வண்டியை நிறுத்தி யோசித்தாள். பால் சூடேறிவிடும் என்று உடனே கிளம்பினாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலக் கறவைக்குப் போனபோது காப்பி இல்லை. கயிறு அறுந்து கிடந்தது. பக்கிரி மாமாவும் வெற்றிவேலும் ஏரிக்கரை, வாய்க்கால், கரும்புக் கொல்லை என்று இருட்டும் வரை தேடினார்கள். கிடைக்கவில்லை. அம்மா அன்று சாப்பிடவில்லை.

காலையில் குழலி கறந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. நிர்மலாதேவி.

"உம் மாடு எங்க வூட்டு கேட்டுல நிக்குது. ஒங்க கொட்டாய் பூட்டியிருக்கறதப் பாத்துத் தெருவுல இப்டியும் அப்டியும் நடந்து கத்திக்கிட்டு இருந்திச்சி. நான்தான் புடிச்சிக் கட்டனேன். மடி கல்லாட்டம் கெடக்குது, என்னால பாக்க முடியல. சீக்கிரம் வா."

எட்டு கிலோமீட்டர். மேம்பாலத்தையும் அது தனியாக ஏறி இறங்கியிருக்க வேண்டும். குழலி போனபோது காப்பி சொல்தா வீட்டு இரும்பு கேட்டில் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டப்பட்டிருந்தது. முன்னால் ஒரு வாளித் தண்ணீர், முட்டைக்கோஸ் இலைகள். குழலியைக் கண்டதும் கத்தியது. அவள் அதன் நெற்றியில் கையை வைத்தாள். திட்டத்தான் நினைத்தாள்.

"ஒரு வாளி குடுங்கம்மா."

தெருவிலேயே குந்தி உட்கார்ந்து கறந்தாள். கறக்கக் கறக்க மாடு பெருமூச்சு விட்டது. சத்தம் கேட்டு இருபத்தொன்றின் மருமகள் வந்து பார்த்தாள், பிறகு உள்ளே போய்ப் பாத்திரத்தோடு வந்தாள். பதினேழாம் எண்காரரும் வந்தார்.

"இங்கயே ஒரு மாடு மட்டும் வெச்சிக்கக் கூடாதா?" என்று கேட்டார். "ஒண்ணுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"தனியா நிக்காதுங்க அது" என்றாள் குழலி.

நிர்மலாதேவி தன் பங்கை வாங்கிக்கொண்டார். "இன்னிக்கி அவரு ஜன்னல் வழியா மாட்டுச் சத்தம் கேட்டு, பலராமன் வந்திருக்கானான்னு கேட்டாரு. நான் ஆமான்னுட்டேன்."

குழலி மீதிப் பாலைக் கேனில் ஊற்றினாள். வாளியைக் கழுவிக் கொடுத்தாள்.

இந்த முறை வெற்றிவேல் வண்டியில்தான் காப்பியைக் கொண்டுபோனார்கள். அம்மாவும் ஏறிக்கொண்டாள். மாடு பழகும் வரை இருந்து பார்க்கிறேன் என்று பக்கிரி வீட்டில் பத்து நாள் தங்கினாள். காலையும் மாலையும் அவளே காப்பியைக் கறந்தாள். பிறகு அது திரும்பி நடக்கவில்லை. அம்மாவும் திரும்பி வரவில்லை. ஷெட்டின் ஒரு மூலையில் சிமெண்ட் ஷீட் போட்டு அடுப்பும் கட்டிலும் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூலக்குளம் வந்து துணி எடுத்துப்போவாள்.

சினை மாடுகள் இரண்டும் ஆடியில் கன்று போட்டன, இரண்டும் கிடேரி. பால் பழைய அளவுக்கு வந்தது. வில்லியனூரில் ஏழு வீடுகள் புதிதாகச் சேர்ந்தன. சிலம்பரசன் லீவில் வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்தான். சாணிக் குழியையும் பக்கிரி மாமாவின் வாழைக் கொல்லையையும் பார்த்தான். விற்பதைப் பற்றிப் பேசவில்லை. கறவை மெஷின் ஒன்று ஓசூரில் நன்றாக இருப்பதாகவும் விசாரித்துச் சொல்வதாகவும் சொன்னான். அம்மா மெஷினெல்லாம் வேண்டாம் என்றாள். குழலி விசாரிக்கச் சொன்னாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்கு முன்னால் கணுக்கால் வரை சேறு. மாடுகள் வழுக்கின. இடித்துப் போட்டிருந்த வீடு ஒன்றிலிருந்து வெற்றிவேல் உடைந்த செங்கல் இரண்டு நடை கொண்டுவந்து கொட்டினான். அம்மா முக்காலியில் குடை பிடித்து உட்கார்ந்துகொண்டு எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று சொன்னாள். குழலி கல்லைப் பரப்பி மண்வெட்டியால் தட்டினாள். மத்தியானம் மூன்று மணிக்குக் கறவை. அதற்குள் கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை மாடுகளுக்குப் பாதை போட்டுவிட்டார்கள்.